விடியும் முன்னே சைக்கிள் மிதிப்பவர்களுக்கு: கட்டுப்படியாகும் விலையில் ஒரு சின்ன முன்விளக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட்டில் ஜனவரிக் கடைசியில் சூரியன் எழும்போது மணி ஏறக்குறைய ஏழரை. வானம் லேசாக வெளுப்பதே ஏழு பத்து வாக்கில்தான். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுப்பது, அதற்கு வெகுநேரம் முன்பே முடிந்து, ஆட்கள் காட்டுக்குள் போயிருப்பார்கள். பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், அதற்கும் முன்னால் கிளம்பியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பள்ளிக்கூடத்திலும் ஏழரை வாக்கில் மணி அடித்துவிடுகிறது. ஆக, இந்த ஊரில் காலையில் சைக்கிள் எடுக்கிறவர் யாராக இருந்தாலும், ஆண்டின் பல மாதங்களில் அவருடைய பயணம் இருட்டில்தான் நடக்கிறது.

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது. பிறகு ஏன் இந்த இருட்டு? கடிகாரம்தான் காரணம். சுங்கை சிப்புட் இருப்பது ஏறக்குறைய 101 பாகை கிழக்கு நெடுங்கோட்டில். சூரியனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நம் நேரம் கிரீன்விச்சை விட 6 மணி 44 நிமிடம்தான் முன்னால் இருக்க வேண்டும். நாம் வைத்திருப்பதோ 8 மணி நேரம். தீபகற்ப மலேசியா முன்பு ஏழரை மணி நேர வித்தியாசத்தில் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் உச்சிவெயில் நமக்கு மதியம் ஒன்றரைக்கு வருகிறது, சூரியன் ஏழரைக்கு எழுகிறது. மே மாதத்திலும் நவம்பர் தொடக்கத்திலும் உதயம் ஏழு மணி வாக்கில் வந்துவிடும். ஆறு மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிறவருக்கு அந்த மாதங்களிலும் இருட்டுதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருந்த காலத்தில் பெரட்டுக்கு நடந்தே போய்விடலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டு மனைகளாகி, ஜனங்கள் டவுனை ஒட்டிய தாமான்கள் என்கிற குடியிருப்புகளுக்கு வந்த பிறகு வேலை இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் சாலை வந்துவிட்டது. வசதிப்பட்டவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். இன்றும் சைக்கிளில் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் வயதானவர்கள், லைசென்ஸ் இல்லாதவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து தோட்டத்தில் வேலை செய்கிற தம்பிமார்கள். சாலையில் மிகக் குறைந்த பாதுகாப்போடு போகிறவர்கள் இவர்கள்தான். நல்ல விளக்கு பற்றிய தகவல் கடைசியாகப் போய்ச் சேருவதும் இவர்களிடம்தான். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

இணையத்தில் சைக்கிள் விளக்கு பற்றித் தேடினால் வருகிற பரிந்துரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்காக எழுதியவை. அங்கே அது நியாயமான கவலை. டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலை எட்டுக்குத்தான் எழும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அதனால் அவர்கள் நீண்ட நேரம் எரிகிற பெரிய பேட்டரியைக் கேட்கிறார்கள். லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் முழுத் திறனையும் தராது. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். தடித்த கையுறையோடு அழுத்துவதற்கு வாகாகப் பெரிய பொத்தான் வேண்டும். பனியைக் கரைக்கச் சாலையில் போடுகிற உப்பையும் விளக்கு தாங்க வேண்டும். இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை.

நம் நிலைமை வேறு. மாலையில் சூரியன் மறைவது ஏழு மணி வாக்கில் அல்லது அதற்கு மேல், ஜனவரியில் ஏழே கால் தாண்டி. வேலை முடிந்து திரும்பும்போது பெரும்பாலும் வெளிச்சம்தான். இருட்டில் போவது காலை ஒரு வழி மட்டும். அதுவும் பலருக்கு அரை மணி நேரத்துக்குள். ஓவர்டைம் நாளும், மழை மூட்டத்தில் ஆறு மணிக்கே இருண்டுபோகிற நாளும் தவிர, ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சம் தருகிற விளக்கு இருந்தாலே நமக்குத் தாராளம். அதாவது சின்ன விளக்கே போதும். நம் விளக்கைக் கெடுக்கப்போவது சூடும் மழையும். குளிருக்கு இங்கே வேலையில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதி, பெட்டியில் அச்சடித்திருக்கிற எண்களைப் படிப்பது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

லூமன் என்பது ஒரு விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறுகிற வெளிச்சத்தின் மொத்த அளவு. காரில் இருக்கிற சாதாரண ஹாலஜன் பல்பு தாழ்வெளிச்சத்தில் ஏறக்குறைய 1,000 லூமன் தரும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், உள்ளங்கையில் அடங்குகிற முப்பது வெள்ளி (ரிங்கிட்) விளக்கில் ‘10,000 லூமன்’ என்று போட்டிருப்பது நடக்காத காரியம் என்று உடனே புரிந்துவிடும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நல்ல எல்இடி விளக்கு, உள்ளே போகிற நஷ்டமெல்லாம் கழித்து, ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கூடும், குறையும். கடையில் நின்று போடுகிற கணக்குக்கு இது போதும். பேட்டரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கு, அதன் மில்லிஆம்பியர்-மணி எண்ணை ஆயிரத்தால் வகுத்து 3.7ஆல் பெருக்க வேண்டும். 2,000 என்று போட்டிருந்தால் 2 பெருக்கல் 3.7, அதாவது 7.4 வாட்-மணி. இதை நூறால் பெருக்கினால் 740. அந்த 740ஐத்தான் வெளிச்சத்துக்கும் நேரத்துக்கும் பங்கு போட முடியும்: 370 லூமனில் இரண்டு மணி நேரம், 740 லூமனில் ஒரு மணி நேரம். ‘1,000 லூமன், 8 மணி நேரம், 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி’ என்று பெட்டி சொன்னால், எட்டாயிரம் வேண்டிய இடத்தில் 740தான் இருக்கிறது. பெட்டியை அங்கேயே திருப்பி வைத்துவிடலாம்.

பேட்டரி எண்ணிலும் பொய் உண்டு. கழற்றி மாட்டுகிற விளக்குகளில் பொதுவாக இருப்பது 18650 என்கிற உருளை பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயர். நல்ல நிறுவனங்கள் தயாரிப்பதில் 2,600 முதல் 3,500 வரை இருக்கும். அதே அளவு பேட்டரியில் 9,900 என்று ஒட்டியிருந்தால் அது வெறும் ஸ்டிக்கர்தான். அந்த மாதிரி விளக்கில் மற்ற எண்களையும் நம்ப வேண்டியதில்லை.

கடைக்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. “அண்ணே, இதுல பத்தாயிரம்னு போட்டிருக்கே?” என்று கேட்டால், “போட்டிருக்கிறது அப்படித்தான் தம்பி. அரை மணி நேரத்துல மங்கிடும், பாத்து வாங்குங்க” என்று நேராகவே சொல்லிவிடுவார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

அந்த ‘மங்கிடும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்பதை அளக்க டார்ச்லைட் தொழிலில் ஒரு தர அளவு இருக்கிறது. அதன்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை ‘எரிகிறது’ என்றுதான் கணக்கு. 400 லூமனில் தொடங்கி 40க்கு இறங்குகிற வரை போகிற நேரத்தையெல்லாம் சேர்த்துப் பெட்டியில் போடலாம். விதிப்படி அதில் தப்பில்லை. ஆனால் பெட்டியில் இருக்கிற மூன்று மணி நேரத்தில் உங்களுக்கு உபயோகமான வெளிச்சம் எவ்வளவு நேரம் என்பது வேறு கேள்வி. நிதானமாக ஒரே அளவில் எரிந்து, கடைசியில் குறைந்த வெளிச்சத்துக்கு மாறி எச்சரிக்கிற விளக்கு, முதல் ஐந்து நிமிடம் பளிச்சென்று காட்டிவிட்டுச் சரிகிற விளக்கை விட எவ்வளவோ மேல்.

அப்படியானால் எத்தனை லூமன்தான் வேண்டும்? தெருவிளக்கு இருக்கிற டவுன் சாலையில், நீங்கள் வருவது மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்றால் 100 முதல் 150 போதும். தெருவிளக்கே இல்லாத தோட்டச் சாலைக்கு உண்மையான 300 முதல் 400 இருந்தால் சைக்கிள் வேகத்துக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் வாங்குவதை நான் சிபாரிசு செய்வதில்லை. வேகக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் விநாடிக்கு ஐந்தரை மீட்டர் கடக்கிறார். எதையோ பார்த்து, புரிந்து, பிரேக் பிடிக்க ஒன்றரை விநாடி. அப்புறம் ஈரச் சாலையில் நிற்பதற்கு இன்னும் ஐந்து மீட்டர். மொத்தம் 13, 14 மீட்டர். ஆக, முன்னால் 15 மீட்டர் வரை தெளிவாகத் தெரிந்தால் சமாளித்துவிடலாம். அறுபது மீட்டருக்கு வெளிச்சம் அடிக்கிற விளக்கு மோட்டாருக்கு வேண்டுமானால் தேவைப்படும்.

வெளிச்சம் எவ்வளவு என்பதை விட, அது எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரே 400 லூமன் கொண்ட இரண்டு விளக்குகள் சாலையில் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும். டார்ச்லைட் மாதிரி வட்டமாக அடிக்கிற விளக்கில் பாதி வெளிச்சம் மேலே, செம்பனை மட்டைகளுக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போய்விடுகிறது. மேல்பகுதியை வெட்டி, கீழேயும் பக்கவாட்டிலும் பரப்புகிற கண்ணாடி வைத்த விளக்கில் அவ்வளவும் தரையில் விழுகிறது. ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. சாலையில் ஓட்டுகிற சைக்கிளின் முன்விளக்கு மேல் நோக்கி வீசுகிற வெளிச்சத்துக்கு வரம்பு உண்டு, முன்விளக்கு மின்னி மின்னி எரியவும் கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பொருந்துகிற விளக்குகளில் வெளிச்சத்தை லூமனில் சொல்லாமல் லக்ஸில் சொல்வார்கள். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் போய் விழுகிற வெளிச்சத்தின் அளவு; இந்த விளக்குகளுக்கு அதைப் பத்து மீட்டர் தூரத்தில் அளப்பார்கள். பத்து மீட்டரில் 40 லக்ஸ் என்றால் இருபது மீட்டரில் 10 லக்ஸ். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். முழு நிலவு வெளிச்சம் ஒரு லக்ஸில் பாதிகூட எட்டுவதில்லை என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 40 லக்ஸ் எவ்வளவு தாராளம் என்று புரியும். இணையக் கடைகளில் ‘ஜெர்மன் தரம்’ என்று விளம்பரப்படுத்துகிற மலிவு விளக்குகள் இப்போது வருகின்றன. முத்திரை அசலோ இல்லையோ, சுவரில் அடித்துப் பார்த்தால் மேல் விளிம்பு கத்தரித்த மாதிரி தெரிகிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தெரிந்தால் அது நல்ல அடையாளம்.

விளக்கை எங்கே மாட்டுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். தோட்டத்தில் வேலை செய்கிற பலரிடம் ஏற்கனவே தலைவிளக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் கார்பைட் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் வெட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் எல்இடி. அதையே போட்டுக்கொண்டு சைக்கிளிலும் போய்விடலாமே என்று தோன்றும். மரம் வெட்ட அது அருமையான விளக்கு, கண் போகிற இடமெல்லாம் வெளிச்சம் போகும். ஆனால் செம்மண் சாலையில் குழியைக் காட்டுவதில் அது மோசம். காரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

பத்து மீட்டர் முன்னால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் அகலமான குழி. ஹேண்டலில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால், குழியின் இந்தப் பக்க விளிம்பு குழிக்குள் 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு நிழல் விழவைக்கும். உங்கள் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது, அதே விளிம்பு குழியின் முதல் 31 சென்டிமீட்டரை மறைத்துவிடும். மீதி 19 சென்டிமீட்டர் நிழல் உங்களுக்குக் கறுப்புப் பட்டையாகத் தெரியும். அந்தக் கறுப்புப் பட்டைதான் ‘இங்கே குழி’ என்று சொல்கிறது. விளக்கை இன்னும் இறக்கி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் தலையில் 70 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினால் நிழல் 71 சென்டிமீட்டராக நீளும். தெரிகிற பட்டை 40 சென்டிமீட்டர், முன்னதை விட இரட்டிப்பு. நெற்றியில் கட்டிய விளக்கோ கண்ணுக்கும் மேலே இருக்கிறது. அது போடுகிற நிழல் முழுவதும் விளிம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். குழியும் தரையும் ஒரே மாதிரி தட்டையாகத் தெரியும். எத்தனை லூமன் கூட்டினாலும் இந்தக் குறை தீராது.

மூடுபனியிலும் இதே கதைதான். விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் வெள்ளைத் திரை விழுந்தது போல் ஆகிவிடும். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கிற நம் ஊரில், மழை பெய்த மறுநாள் காலை இதை அனுபவிக்காதவர் குறைவு. மஞ்சள் விளக்கு பனியைக் கிழிக்கும் என்று சொல்வார்கள். பனித்துளிகள் வெளிச்சத்தின் அலைநீளத்தை விட மிகப் பெரியவை, அதனால் நிறம் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. தாழ மாட்டுவதும், மேல் வெளிச்சத்தை வெட்டுவதும்தான் செய்யும். ஆனால் வேறொரு காரணத்துக்காக நீலம் பாய்ந்த வெள்ளையை விட லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையை நான் விரும்புவேன். செம்மண்ணும் காய்ந்த மட்டையும் லோரியிலிருந்து சிதறிய பழமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவது அதில்தான்.

மாட்டிய பிறகு சாய்வைச் சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. சைக்கிளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிற விளக்கின் வெளிச்ச மையம் அந்தக் குறிக்கு 33 சென்டிமீட்டர் கீழே விழுந்தால், சாலையில் அது 15 மீட்டரில் போய்த் தரையைத் தொடும். 70 சென்டிமீட்டரில் மாட்டியிருந்தால் 23 சென்டிமீட்டர் கீழே. இதைச் செய்யாமல் விளக்கை நேராக நீட்டி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எதிரே வருகிற மோட்டார்க்காரரின் கண்ணைக் கூச வைக்கிறார்கள். இருட்டுக்குப் பழகிய கண் முழுதாகத் திரும்ப இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதுவரை அவர் உங்களுக்குப் பின்னால் வருகிற இன்னொரு சைக்கிளைப் பார்க்காமலே போகலாம்.

கூடை வைத்த சைக்கிள் நம் ஊரில் ஏராளம். ஹேண்டலில் விளக்கை மாட்டினால் கூடையில் இருக்கிற பையோ சாப்பாட்டுத் தூக்கோ வெளிச்சத்தை மறைத்துவிடும். பழைய சைக்கிள்களில் ஹேண்டல் தண்டுக்கு முன்னால் விளக்கு மாட்டவே ஒரு பட்டை இரும்பு இருக்கும். அது இருந்தால் அதற்குப் பொருந்துகிற இணைப்பை வாங்குங்கள். இல்லையென்றால் ஃபோர்க்கின் தலையில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், அல்லது கூடையின் முன்பக்கக் கம்பியில் கீழாகக் கட்டுங்கள். ரப்பர் பட்டியால் கட்டுகிற விளக்கு எந்தத் தடிமனுக்கும் பொருந்தும், மாலையில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளவும் வசதி. ஆனால் நம் வெயிலில் அந்தப் பட்டி நாளாக ஆக வெடிக்கும். உதிரிப் பட்டி கிடைக்கிற மாதிரி விளக்காகப் பாருங்கள். செம்மண் சாலைக் குலுக்கலில் ஒவ்வொரு குழிக்கும் தலைகுனிந்து போகிற விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் பிரயோசனமில்லை.

மழைக்கு வருவோம். பேராக்கில் அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல் வாக்கிலும் மழை கொட்டும். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். சாதாரண மழைக்கு அது போதும். ஐபிஎக்ஸ்6 வேகமாகப் பீய்ச்சுகிற தண்ணீருக்கு. நம் அடைமழைக்கு மனநிம்மதி தருவது இதுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் 7 இருந்தால் 6ம் தானாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது, இரண்டும் தனித்தனிச் சோதனைகள். எந்த எண்ணாக இருந்தாலும் சார்ஜ் துளையை மூடுகிற அந்தச் சின்ன ரப்பர் மூடிதான் பலவீனமான இடம். அது துளையில் இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். மூடி விளக்கின் கீழ்ப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

சூட்டைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எல்இடி சூடாக ஆக வெளிச்சம் குறையும். நல்ல விளக்குகள் அளவுக்கு மேல் சூடானால் தாங்களே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உடம்பில் பெரிய எண் போட்டிருக்கிற விளக்கு, நம் ஊர்க் காற்றில் அந்த எண்ணை ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அலுமினிய உடம்பு சூட்டைக் காற்றுக்குக் கடத்தும். அதனால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். பேட்டரிக்கும் சூடுதான் எதிரி. வேலை இடத்தில் வெயிலில் நிற்கிற சைக்கிளிலேயே விளக்கை விட்டு வைக்காதீர்கள். கதவு மூடிய காரில் வைத்தால் இன்னும் மோசம். வெயிலில் கிடந்து சூடான விளக்கை உடனே சார்ஜில் போடாமல், ஆறவிட்டுப் போடுங்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்ய 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வரம்பு. சார்ஜர் தலையில் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கட்டும். தூங்கும்போது மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போடுகிற பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றே நிறுத்த வேண்டும்.

மலிவான விளக்குகளில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. புது வகை யூஎஸ்பி-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் சி ஆக இருக்கிற கேபிளில் போட்டால் சார்ஜே ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுவதால் வருவது இது. விளக்கு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். பழைய தட்டை முனை கொண்ட கேபிளைப் பழைய சார்ஜரில் சொருகிப் போட்டால் ஏறும்.

விலை விஷயம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்கு வருகிறது. ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் கூலிக்குள் விளக்கு அடங்க வேண்டும் என்று நான் வரம்பு வைத்துக்கொள்கிறேன். அதற்குள் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 200 முதல் 400 லூமன் விளக்கு. கேட்ஐ மாதிரி ஜப்பான் நிறுவனங்கள் மாடல் பெயரிலேயே லூமனைப் போட்டுவிடுகின்றன, அந்த எண்ணை நம்பலாம். தள்ளுபடி நாளில் பார்த்து வாங்கினால் வரம்பை ஒட்டி வரும். இரண்டு, சீனத் தயாரிப்பில் மேல்விளிம்பு வெட்டிய, எண்களில் அடக்கம் காட்டுகிற விளக்கு. மேலே சொன்ன 740 கணக்கில் தேறுகிறதா பார்த்து வாங்குங்கள். மூன்று, 18650 பேட்டரி போடுகிற நல்ல டார்ச்லைட்டும் ஹேண்டலில் மாட்ட ஒரு ரப்பர் பிடியும். வெளிச்சம் வட்டமாகத்தான் விழும், தாழச் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு, மூன்று ஆண்டில் பேட்டரி தளர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டி மூடிய விளக்குகளில் பேட்டரி போனால் விளக்கே போச்சு. நீண்ட நாள் பார்வையில் எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடிக்கிறது. மரம் வெட்டுகிறவர் வீட்டில் தலைவிளக்குக்கான பேட்டரியும் சார்ஜரும் ஏற்கனவே இருந்தால் செலவு இன்னும் குறையும். ஒரு எச்சரிக்கை: 18650ஐ பாதுகாப்பு மின்சுற்று உள்ளதாக, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்ததை வாங்க வேண்டாம்.

டைனமோவைப் பற்றியும் பெரியவர்கள் கேட்பார்கள். டயரில் உரசி ஓடுகிற அந்த ஆறு வோல்ட், மூன்று வாட் டைனமோவில் முன்விளக்குக்குப் போனது 2.4 வாட், பின்னால் 0.6 வாட். பழைய பல்பில் அது மங்கல்தான். அதே 2.4 வாட்டை இன்றைய டைனமோ எல்இடி விளக்குக்குக் கொடுத்தால் சாலை நன்றாகவே தெரியும்; நின்றாலும் சில நிமிடம் எரிகிற வசதி கொண்டவையும் உண்டு. டைனமோ இன்னும் ஓடுகிற பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. மழையில் டயர் வழுக்கும் என்பதுதான் அதன் குறை. சார்ஜ் போட மறந்த காலை என்ற ஒன்று அதற்குக் கிடையாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அவர்கள் போவது பெரும்பாலும் தாமான் சாலை, டவுன் சாலை. குழி தெரிவதை விட லோரிக்காரருக்கு அவர்கள் தெரிவதுதான் முக்கியம். 100, 150 லூமன் சின்ன விளக்கை நிலையாக எரியவிட்டால் போதும். மின்னுகிற வெளிச்சம் கவனத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று கணிப்பது கஷ்டம். இருட்டில் நிலையான விளக்கு, பகல் மழையில் வேண்டுமானால் மின்னுகிற விளக்கு. பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று கட்டாயம், அதை முதுகுப்பை மறைக்காத இடத்தில், சீட்டுக்குக் கீழே மாட்டுங்கள். மிதிகட்டையில் ஒளித்தகடு இருந்தால் கழன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் போய்வருகிற அந்த மஞ்சள் புள்ளிகளைப் பார்த்ததும், வருவது சைக்கிள் என்று ஓட்டுநர் கண்டுகொள்வார். சார்ஜ் போடுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் கைப்பேசியைச் சார்ஜில் போடும்போது ஞாயிறும் புதனும் விளக்கையும் போட்டுவிட்டால், வாரம் முழுக்கத் தாங்கும்.